வாட்ஸ்அப் முடங்கினால் குடும்பம் எப்படிப் பேசும்?

2021 அக்டோபர் 4, நள்ளிரவு நெருங்கும் வேளை. வாட்ஸ்அப், முகநூல், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. திரும்பி வர ஏறக்குறைய 6 மணி நேரம் ஆனது. மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததுதான் காரணம்.

அந்த இரவிலும் மின்னஞ்சல் வழக்கம்போல் இயங்கியது. அதற்கு ஒற்றை முதலாளி இல்லை. உலகெங்கும் பல்லாயிரம் சர்வர்கள். ஒன்று விழுந்தால் மற்றவை நிற்பதில்லை.

அந்தப் பலத்தை நம்பி உருவானதுதான் ‘டெல்டா சாட்’ என்ற இலவசச் செயலி. பார்ப்பதற்கு வாட்ஸ்அப் போலத்தான் இருக்கும். உள்ளே ஓடுவது மின்னஞ்சல் தொழில்நுட்பம். உங்கள் கைப்பேசியில் பூட்டப்படும் செய்தி, பெறுபவரின் கைப்பேசியில்தான் திறக்கும். நடுவில் இருக்கும் சர்வரால் அதைப் படிக்க முடியாது. யார், யாருக்கு, எப்போது அனுப்பினார் என்பது மட்டும் அதற்குத் தெரியலாம்.

இதற்குத் தொலைபேசி எண்ணே தேவையில்லை. பிரிக்பீல்ட்ஸ் நடன வகுப்போ, கிள்ளான் கோயில் திருவிழாவோ, குழுவில் சேர்ந்தாலே முன்பின் தெரியாதவருக்கும் நம் எண் போய்விடுகிறதே என்று தயங்கும் பெண்களுக்கு இது நிம்மதி. ஒருவர் கியூஆர் குறியீட்டை மற்றவர் ஸ்கேன் செய்தால் போதும்.

குறையும் உண்டு. கைப்பேசி தொலைந்து, காப்பு நகலும் இல்லையென்றால் உரையாடல்கள் போனதுதான். அதைவிடப் பெரிய சிக்கல், அம்மாவும் பெரியப்பாவும் அதில் இல்லாவிட்டால் யாருடன் பேசுவது?

அதனால் வாட்ஸ்அப்பை நீக்க வேண்டாம். அடுத்த முறை குடும்பம் ஒன்றுகூடும்போது, நான்கு பேராவது இதில் ஒரு சிறு குழு தொடங்கி வையுங்கள். வீட்டுக்கு மாற்றுச் சாவி வைப்பதில்லையா, அப்படித்தான்.