திருப்பாவை காட்டும் ஆய்ப்பாடி

பலகை விளையாட்டிற்கெனக் கற்பனை உலகு படைப்போர், அதனுட் புகுவார்க்கு விதி வகுப்பர். செல்வழி விளங்க நிலப்படமும் வரைவர். இவ்விரண்டனையும் ஆண்டாளின் திருப்பாவையிற் காணலாம். அவர் தம் ஊராகிய திருவில்லிபுத்தூரையே ஆய்ப்பாடியாகவும், வடபெருங்கோயிலை நந்தகோபர் மாளிகையாகவும் பாவித்தார் என்பது வைணவ மரபு. நெய், பால், மை, மலர் ஆகியவற்றை விலக்கி 2ஆம் பாசுரம் நோன்பு விதி கூறுகின்றது. 6 முதல் 15 வரையுள்ள பாசுரங்கள் ஆயர் மகளிர் பதின்மரின் இல்லந்தோறும் சென்று துயிலெழுப்புகின்றன. 16ஆம் பாசுரத்தில் மாளிகை வாயில். 17இல் நந்தகோபர், யசோதை, பலதேவர் துயிலிடம். 18 முதல் 20 வரை நப்பின்னையின் பள்ளியறை. தெருவினின்று உள்ளறை நோக்கிச் செல்லும் இம்முறை வைப்பே நிலப்படமாகும். பாசுரங்களைத் தனித்தனியே பிரித்துப் பொருள் காண்பார்க்கு இவ்வழி புலனாகாது. முறையே கற்பார்க்கு, ஆய்ப்பாடி காணாத ஊராயினும் அறிந்த ஊராம்.