மேற்கால நகந்து படு! தலைக்குள் இருக்கும் திசைகாட்டி தெரியுமா?

திட்டக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வயதான ஒருவரிடம் வழி கேட்டுப் பாருங்கள். “நேரா கிழக்கால போ தம்பி, புளியமரம் வரும், அங்கேருந்து வடக்கால திரும்பினா மூணாவது வீடு” என்பார். இடது வலது என்ற பேச்சே இருக்காது. பாயில் படுத்திருக்கும் பேரனைக்கூட “கொஞ்சம் மேற்கால நகந்து படுடா” என்று அதட்டுகிற சனம் அது! மேற்கேயிருந்து வரும் வெள்ளாறு ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடி, கிழக்கே பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. அதைப் பார்த்து வளர்ந்தவருக்குத் திசை எப்படி மறக்கும்?

இந்தப் பழக்கத்தை ஆராய ஒருவர் ஐரோப்பாவிலிருந்தே வந்தார், தெரியுமா? நெதர்லாந்தின் மேக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தின் எரிக் பெடர்சன், 1990களில் தமிழ்நாட்டுக் கிராமத்தாரையும் நகரத்தாரையும் சோதித்தார். மேசைமேல் பொம்மை விலங்குகள் வரிசையாக நிற்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டு, அப்படியே பின்பக்கம் திரும்பி, இன்னொரு மேசையில் அதேபோல அடுக்க வேண்டும். வலது கைப்பக்கம் பார்த்ததாக மனதில் வைத்தவர், திரும்பிய பிறகும் வலது பக்கமே பார்க்க வைப்பார். வடக்கே பார்த்ததாக மனதில் வைத்தவர் வடக்கேதான் பார்க்க வைப்பார். அது இப்போது இடது கைப்பக்கம்! இரண்டாவது வகையினர் பெரும்பாலும் நம் கிராமத்தார். பேசுவது ஒரே தமிழ், நினைவு வைப்பது இரண்டு விதம்!

இப்போது போனைப் பார்ப்போம். “இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்” என்கிறது, திரும்புகிறோம். அந்த நேரத்தில் மூளை என்ன செய்கிறது? லண்டனில் ஹியூகோ ஸ்பியர்ஸ் குழு 24 பேரை சோஹோ பகுதியின் தெருக்களில் கணினித் திரை வழியே நடக்கவிட்டு, மூளையைப் படம் பிடித்தது (2017). தானே வழி தேடியவருக்கு, புதுத் தெருவில் நுழையும்போதெல்லாம் ஹிப்போகேம்பஸ் என்ற கடற்குதிரை வடிவப் பகுதி துள்ளியது. கருவி சொன்னபடி போனவருக்கு? அது சும்மா கிடந்தது! அதே லண்டனில், ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்து உரிமம் வாங்கும் டாக்சிக்காரர்களுக்கு அந்தப் பகுதியின் பின்புறம் பெரிதாக இருப்பதை 2000இலேயே எலினோர் மகுவயர் கண்டுவிட்டார்.

கனடாவில் 2020இல் வந்த ஆய்வு இன்னும் திக்கென்கிறது. மூன்று ஆண்டு இடைவெளியில் ஜிபிஎஸ்ஸை அதிகம் நம்பியவர்களுக்கு, வழி நினைவு அதிகமாகச் சரிந்திருந்தது. மறுபடி சோதித்தது வெறும் 13 பேரைத்தான். அதனால் இன்றைக்கே போனைத் தூக்கி வெள்ளாற்றில் வீச வேண்டியதில்லை.

வழியை மட்டுமல்ல, மற்ற நினைவையும் கருவியிடம் விடுகிறோம்: கணினியில் பதிவாகிவிட்டது என்று தெரிந்தால், விஷயத்தை மறந்து, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை நினைவு வைக்கிறோமாம் (பெட்சி ஸ்பாரோ, 2011). போன் நம்பர்கள் மறந்தால் எனக்குக் கவலையில்லை. எழுதி வைத்ததை நம்பி நினைவை விட்ட கதை ஓலைக் காலத்திலும் உண்டே! தில்லைக் கோயிலில் தேவார ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன. மிஞ்சியதை நம்பியாண்டார் நம்பி எடுத்தார், ஆனால் பண் தெரியவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழிவந்த ஒரு பெண்தான் பண்களைச் சொன்னார் என்கிறது திருமுறை கண்ட புராணம். அந்தப் பெண் எந்த ஊர்? எருக்கத்தம்புலியூர்! விருத்தாசலம் பக்கத்து இன்றைய ராஜேந்திரப்பட்டினம்.

கிராமத்தில் வளர்ந்தவருக்கு இன்னொரு நல்ல சேதி. 38 நாடுகளில் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் ஆடிய ஒரு போன் விளையாட்டை அலசியதில், நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்களே வழி கண்டுபிடிப்பதில் கெட்டி என்று தெரிந்தது (2022). போனை வைத்தே நிரூபித்துவிட்டார்கள்!

நாம் கிளம்பும்போது போன் மேப்பும் சில சமயம் “வடக்கு நோக்கிச் செல்லவும்” என்று சொல்வதுண்டு. வண்டியை ஓட்டும் பேரன் அந்த ஒரு வரிக்குத்தான் திருதிருவென்று முழிக்கிறான். பின்சீட்டில் இருக்கும் தாத்தாவுக்கோ, அது சொன்னதில் அந்த ஒரு வரிதான் புரிகிறது!