சிரித்தால் கண் ஏன் மூடுகிறது?

2022 ஜூன் மாதம் பாடகர் ஜஸ்டின் பீபர் ஒரு காணொளியில் தோன்றிச் சிரித்துக் காட்டினார். வாயின் ஒரு பக்கம் மட்டுமே அசைந்தது. மறுபக்கக் கண் இமைக்கவே இல்லை. அந்த நோயை 1907ஆம் ஆண்டில் விவரித்த அமெரிக்க நரம்பியல் மருத்துவரின் பெயரால் அதை ‘ராம்சே ஹண்ட் நோய்க்குறி’ என்பார்கள்.

இதற்குக் காரணம் சின்னம்மைக் கிருமி. சின்னம்மை குணமான பிறகும் அந்தக் கிருமி உடலைவிட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். எதிர்ப்புச் சக்தி தளரும்போது விழித்து, அக்கியாக வெளிப்படும். பெரும்பாலும் மார்பிலோ முதுகிலோதான் அக்கி வரும். அரிதாகச் சிலருக்குக் காதருகே, முக நரம்பின் முடிச்சில் கிருமி விழித்துக்கொள்கிறது. அப்போது காது வலிக்கும், கொப்புளங்கள் தோன்றும், முகம் ஒரு பக்கமாகக் கோணும். தலைச்சுற்றலும் வரலாம்.

முக நரம்பு காதெலும்புக்குள் ஒரு குறுகிய சுரங்கத்தின் வழியே செல்கிறது. அதன் மிகக் குறுகலான இடம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வீங்கிய நரம்புக்கு அங்கே விரிய இடம் ஏது? எலும்பு நெரிக்க, மூளையின் கட்டளை தசைக்குப் போய்ச் சேர்வதில்லை. அதனால்தான் மருத்துவர்கள் அவசரப்படுகிறார்கள். கிருமியை அடக்கும் மருந்தையும் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டையும் முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் குணமடையும் வாய்ப்பு கூடுகிறது.

பிறகு தேவைப்படுவது பொறுமை. சேதமடைந்த நரம்பிழை நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். காதருகிலிருந்து உதடுவரை எத்தனை சென்டிமீட்டர் என்று உங்கள் முகத்தில் அளந்து கணக்கிட்டுப் பாருங்கள்! மாதங்கள் பிடிப்பதில் வியப்பில்லை. பீபர் மீண்டும் இருபுறமும் சிரித்துக் காட்டியது 2023 மார்ச் மாதத்தில்தான்.

எல்லாருக்கும் அப்படி முழுமையாகக் குணமாவதில்லை. வளரும் இழைகள் சில நேரம் வழி மாறிவிடுகின்றன. வாய்க்குப் போகவேண்டிய இழை கண்ணிமையைச் சென்றடைந்தால், சிரிக்கும்போதெல்லாம் கண் தானாக மூடும். உமிழ்நீர்ச் சுரப்பிக்கான இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டாலோ, சாப்பிடும்போது கண்ணீர் வழியும். இதற்கு ‘முதலைக் கண்ணீர்’ என்றே மருத்துவத்தில் பெயர்!

இத்தகையோருக்கு இயன்மருத்துவர்கள் கண்ணாடி முன்னே பயிற்சி தருகிறார்கள். முகத்தை வலிந்து இழுக்கக் கூடாது. கண் மூடாத அளவுக்கு மெல்லச் சிரித்துப் பழகவேண்டும். இமை சரியாக மூடும்வரை கண் உலராதிருக்கப் பகலில் சொட்டு மருந்து விடுவார்கள். இரவில் இமையை நாடா ஒட்டி மூடிவைப்பதும் உண்டு.