உங்களுக்குத் தெரியுமா? ஃபிளாப்பியும் 34 கம்பிகளும்

● அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது 1964-ல். அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1971-ல், ஐ.பி.எம். நிறுவனம் 8 அங்குல ஃபிளாப்பியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த முதல் ஃபிளாப்பியில் நாம் எதையும் எழுத முடியாது. படிக்க மட்டும்தான் முடியும். கொள்ளளவு சுமார் 80 கிலோபைட். சிஸ்டம் 370 என்ற பெரிய கணினியை ஆன் செய்ததும் அதற்குத் தேவையான அடிப்படைக் கட்டளைகளை ஏற்றிவிடுவதற்காகவே அதைச் செய்தார்கள்.

● இன்றைக்கு எதற்கு இந்தப் பேச்சு? அம்பத்தூர், திருமுல்லைவாயல், பூந்தமல்லியை ஒட்டிய திருமழிசை சிட்கோ என்று இந்தப் பக்கம் முழுக்க ஜாப் வொர்க் எடுத்துச் செய்யும் சிறு பட்டறைகள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 1990-களின் சி.என்.சி. எந்திரம் என்றால், அதன் பேனலில் ஒரு ஃபிளாப்பி வாய் இருப்பதுண்டு. அந்த எந்திரத்தின் இரும்புக்கு வயதே ஆகாது. பேரிங் போனால் மாற்றிவிடலாம், பால் ஸ்க்ரூ தேய்ந்தால் புதிது போடலாம். முதலில் கைவிடுவது அந்தச் சின்ன டிரைவ்தான். அது படிக்காவிட்டால் பல லட்ச ரூபாய் எந்திரம் சும்மா நிற்கும். இந்த வாரப் பத்தி முழுவதும் அந்த டிரைவுக்கே.

● ஃபிளாப்பி டிரைவுக்குக் கோப்பு என்றால் என்னவென்று தெரியாது. செக்டார் தெரியாது, பைட் தெரியாது. தான் எந்தத் தடத்தில் நிற்கிறது என்பதுகூடத் தெரியாது. உள்ளே இருப்பவை இரண்டு மோட்டார், இரண்டு ஹெட், சில சென்சார், சிக்னலைப் பெருக்கித் தரும் ஒரு சர்க்யூட், அவ்வளவுதான். ஒரு மோட்டார் தகட்டைச் சுழற்றும். இன்னொன்று ஹெட்டைத் தடம் தடமாக நகர்த்தும். யோசிக்கும் வேலை எல்லாம் கேபிளின் மறுமுனையில் இருக்கும் கன்ட்ரோலருடையது. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் அந்த வேலையைச் செய்தது ஜப்பானின் என்.இ.சி. உருவாக்கிய 765 என்ற சிப். இன்டெல் அதையே 8272 என்ற பெயரில் செய்து விற்றது. பிறகு வந்த மதர்போர்டுகளில் தனிச் சிப் மறைந்து வேறு சிப்புக்குள் கரைந்துபோனாலும், கட்டளைகள் அதே 765-இன் கட்டளைகள்தான்.

● அந்தச் சாம்பல் நிறப் பட்டைக் கேபிளில் 34 கம்பிகள். ஒற்றைப்படை எண் கொண்ட 17 கம்பிகளும் பெரும்பாலும் வெறும் கிரவுண்ட். வீண் என்று தோன்றும். ஆனால் இரண்டு சிக்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கிரவுண்ட் ஓடுவதால்தான் ஒன்றின் துடிப்பு அடுத்ததில் கலப்பதில்லை. வேலை செய்பவை இரட்டைப்படைக் கம்பிகள்: 18 உள்ளேயா வெளியேயா என்று திசை சொல்லும்; 20 ஒரு துடிப்புக்கு ஒரு தடம் நகர்த்தும்; 22 எழுதவேண்டிய தரவைக் கொண்டுவரும்; 24 எழுத அனுமதி தரும்; 32 மேல் ஹெட்டா கீழ் ஹெட்டா என்று தேர்ந்தெடுக்கும். டிரைவ் திருப்பிச் சொல்வது கொஞ்சம்தான்: 8-ல் ஒரு சுற்று முடிந்த செய்தி, 26-ல் ‘பூஜ்யத் தடத்தில் இருக்கிறேன்’, 28-ல் ‘எழுதத் தடை’, 30-ல் படித்த துடிப்புகள். இந்த ஏற்பாட்டின் வேர் 1976-ல் ஷுகார்ட் அசோசியேட்ஸ் வெளியிட்ட 5¼ அங்குல டிரைவில் இருக்கிறது. உலகமே அதைப் பின்பற்றியது.

● கேபிளைத் தலைகீழாகச் செருகினால் டிரைவின் பச்சை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். ரிச்சி தெருவில் சாமான் வாங்கிக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்த தலைமுறைக்கு இது மனப்பாடம். காரணம், இந்த இணைப்பில் சிக்னல் என்பது வோல்டேஜ் கீழே இறங்குவதுதான். திருப்பிச் செருகும்போது சிக்னல் பின்கள் எல்லாம் கிரவுண்டில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. ‘உன்னைத்தான் கூப்பிடுகிறேன்’ என்று யாரோ ஓயாமல் சொல்வதாக டிரைவ் எடுத்துக்கொள்கிறது. கேபிளின் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட கம்பி 1-ஆம் எண். அது டிரைவின் 1-ஆம் பின் பக்கம் வர வேண்டும்.

● அதே கேபிளில் 10 முதல் 16 வரையிலான ஏழு கம்பிகளை மட்டும் கத்தரித்து, ஒரு முறுக்கு முறுக்கிவிட்டிருப்பார்கள். முறுக்குக்கு அப்பால் இருப்பது ஏ டிரைவ், இப்பால் இருப்பது பி டிரைவ். இரண்டு டிரைவிலும் ஜம்பரை ஒரே மாதிரி, இரண்டாவது டிரைவ் என்றே வைத்திருப்பார்கள். முறுக்கு இருப்பதால் 14-ல் கிளம்பும் அழைப்பு அப்பால் 12-க்குப் போய்ச் சேர்கிறது. 10-ல் கிளம்பும் மோட்டார் உத்தரவு 16-க்குப் போகிறது. கடைக்காரர் ஜம்பரைத் தொடவே வேண்டாம், கேபிளின் எந்த இடத்தில் மாட்டுகிறோம் என்பதே போதும் என்று ஐ.பி.எம். செய்த ஏற்பாடு இது. தொழிற்சாலை எந்திரங்களிலோ பெரும்பாலும் முறுக்கில்லாத நேர் கேபிள். பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய டிரைவை அப்படியே சி.என்.சி.யில் மாட்டி, வேலை செய்யவில்லை என்று தூக்கி வைப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான்.

● கணினி ஆன் ஆனதும் ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அது டிரைவ் தன் இருப்பிடத்தைத் தேடும் சத்தம். ஹெட் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாததால், ‘பூஜ்யத் தடம்’ என்று சென்சார் சொல்லும்வரை கன்ட்ரோலர் அதைப் பின்னுக்கு இழுக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: 765 சிப் இந்தக் கட்டளைக்கு அதிகபட்சம் 77 துடிப்புகளே அனுப்பும். 8 அங்குல ஃபிளாப்பியில் 77 தடங்கள்தான் என்பதால் அப்படி. பின்னால் வந்த டிரைவுகளில் 80 தடங்கள். உள்கோடியில் ஹெட் நின்றிருந்தால் ஒரே கட்டளையில் வந்து சேராது. அதனால் டிரைவர் மென்பொருள் எழுதுபவர்கள் அதே கட்டளையை இரண்டு முறை கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

● 30-ஆம் கம்பியில் வருவது ஒன்றும் பூஜ்யமும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வருவது வெறும் துடிப்புகள். தகட்டில் காந்தத்தின் திசை மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு துடிப்பு. செய்தி முழுவதும் இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் இருக்கிறது. 1.44 எம்.பி. ஃபிளாப்பியில் அந்த இடைவெளி 2, 3 அல்லது 4 மைக்ரோ விநாடி. வேறு எதுவும் செல்லாது. தகடு நிமிடத்துக்கு 300 சுற்று சுற்ற வேண்டும், ஆனால் எந்த மோட்டாரும் அச்சுப் பிசகாமல் சுற்றாது. நாகஸ்வரம் கொஞ்சம் ஓட்டம் எடுத்தால் தாளம் போடுகிறவரும் கூடவே போவதுபோல், கன்ட்ரோலரில் இருக்கும் ஒரு சர்க்யூட் துடிப்புகளின் வேகத்தைப் பின்தொடர்ந்து தன் கடிகாரத்தை நொடிக்கு நொடி சரிசெய்துகொள்கிறது.

அப்படியானால் ஒரு செக்டார் எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? எழுத்து விதியை வேண்டுமென்றே மீறிய ஒரு குறியைத் தலைப்பில் எழுதி வைத்திருப்பார்கள். சாதாரணத் தரவில் அந்த வடிவம் வரவே முடியாது. அதைக் கண்டதும் கன்ட்ரோலர் நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்து வரும் தட எண், பக்கம், செக்டார் எண், அளவு ஆகிய நான்கையும் படிக்கிறது. கடைசி இரண்டு பைட்டை வைத்துப் பிழை உண்டா என்று கணக்குப் பார்க்கிறது. இவ்வளவும் தகடு சுற்றிக்கொண்டே இருக்கும்போது! அரை நூற்றாண்டுக்கு முந்தைய இந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

● இப்படிப் படித்த பைட்டுகள் 16 மைக்ரோ விநாடிக்கு ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும். யாராவது உடனே எடுத்துக்கொள்ளாவிட்டால் அடுத்தது வந்து முந்தையதை அழித்துவிடும். பிராசசரை நம்பாமல், நேரே நினைவகத்துக்குத் தள்ளிவிட டி.எம்.ஏ.வின் 2-ஆம் வழியை பி.சி.யில் ஃபிளாப்பிக்கென்றே ஒதுக்கினார்கள். வேலை முடிந்ததைச் சொல்ல 6-ஆம் எண் இன்டரப்ட்.

● 1.44 எம்.பி. என்பது எந்தக் கணக்கிலும் சேராத எண். 80 தடம், 2 பக்கம், தடத்துக்கு 18 செக்டார், செக்டாருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். ஒரு கிலோபைட்டுக்கு 1024 என்று வகுத்தால் 1440 கிலோபைட். அதை மட்டும் ஆயிரத்தால் வகுத்து 1.44 ஆக்கிவிட்டார்கள்.

● சி.என்.சி. எந்திரங்களில் இருக்கும் பழைய ஃபானுக் கன்ட்ரோல்களின் நினைவகத்தை மீட்டரில் அளந்தார்கள். ஆம், 40 மீட்டர், 80 மீட்டர் என்று. அதற்கு முன் ப்ரோகிராம்கள் துளையிட்ட காகித நாடாவில் இருந்ததால் வந்த பழக்கம். ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்து. 80 மீட்டர் என்றால் ஏறத்தாழ 32 கிலோபைட். இந்தக் கணக்கில் ஒரு 1.44 எம்.பி. ஃபிளாப்பி மூன்றே முக்கால் கிலோமீட்டர் நாடாவுக்குச் சமம். சட்டைப் பையில் அவ்வளவு நீள நாடாவைப் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்கு வர முடிந்தது ஆபரேட்டர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை!

● முதல் ஐ.பி.எம். பி.சி.யில் இருந்த டிரைவைச் செய்து கொடுத்த டாண்டன் நிறுவனத்தைத் தொடங்கியவர் இந்தியாவில் பிறந்த ஜுகி டாண்டன். டெல்லியில் தொடங்கிய மோசர் பேர் நிறுவனம் 1988-ல் 5¼ அங்குல ஃபிளாப்பியையும், 1993-ல் 3½ அங்குல ஃபிளாப்பியையும் இங்கேயே தயாரித்தது.

● 747-400 விமானங்களுக்கு 28 நாளைக்கு ஒரு முறை வழித்தடத் தகவல்களை ஏற்றியது 3½ அங்குல ஃபிளாப்பி மூலம். சான்பிரான்சிஸ்கோவில் 1998-ல் பொருத்திய ரயில் கட்டுப்பாட்டு அமைப்பு 5¼ அங்குல ஃபிளாப்பியை நம்பி ஓடியது. ஃபிளாப்பியில்தான் ஆவணம் தர வேண்டும் என்ற வகை விதிகளை ஜப்பான் அரசு நீக்கி முடித்தது 2024-ல். நம் பட்டறைக்காரர்கள் இதில் தனியாக இல்லை.

● பல சி.என்.சி. கன்ட்ரோல்களில் எந்திரத்தின் பாராமீட்டர்கள் ஒரு சின்ன பேட்டரியை நம்பி உயிர் வாழ்கின்றன. பேட்டரி தீர்ந்தால் எந்திரம் தன் அளவையே மறந்துவிடும். மீட்க வழி, எந்திரத்தோடு வந்த அந்த ஒற்றை ஃபிளாப்பி. அது எந்த டிராயரில் இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள். ஃபானுக் போன்ற கன்ட்ரோல்களில் இந்த பேட்டரியை மெயின் ஆனில் இருக்கும்போதே மாற்ற வேண்டும் என்பதையும் புதிதாக வந்த ஆபரேட்டருக்குச் சொல்லி வையுங்கள்.

● ஃபிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில், அதே திருகு ஓட்டைகளில், அதே 34 பின் கேபிளில் ஒரு பென் டிரைவ் பெட்டியை மாட்டலாம். கோடெக் என்ற பெயரில் கிடைப்பது இதுதான். ஒரே பென் டிரைவை 100 ஃபிளாப்பிகளாகப் பிரித்து, முன்னால் இருக்கும் இரண்டு பொத்தானால் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம். எந்திரத்துக்கு எப்படி வித்தியாசம் தெரியாமல் போகிறது? டிரைவுக்கு மூளை இல்லை என்று மேலே சொன்னதுதான் இங்கே கைகொடுக்கிறது. கன்ட்ரோலர் பார்ப்பது துடிப்புகளை மட்டுமே. அதே துடிப்புகளை அதே நேரத்தில் யார் கொடுத்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். பெட்டிக்குள் எதுவும் சுற்றுவதில்லை. ஆனாலும் விநாடிக்கு ஐந்து முறை ‘ஒரு சுற்று முடிந்தது’ என்று 8-ஆம் கம்பியில் பொய்த் துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தினால் எந்திரம் பிழை காட்டும்.

வாங்கும் முன் இரண்டு சோதனை. 34-ஆம் பின் பி.சி.யில் ‘டிஸ்க் மாறியது’ என்பதைச் சொல்லும். பல தொழிற்சாலை எந்திரங்களிலோ அதே பின்னில் ‘டிரைவ் தயார்’ என்ற சிக்னலை எதிர்பார்ப்பார்கள். அது வராவிட்டால் எந்திரம் காத்துக்கொண்டே இருக்கும். கீர் ஃப்ரேசர் எழுதி இலவசமாகத் தந்திருக்கும் ஃபிளாஷ்ஃபிளாப்பி என்ற மென்பொருளைக் கோடெக்கில் ஏற்றினால், இந்த இரண்டில் எது வேண்டும் என்று ஒரு வரியில் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது: உங்களிடம் இருப்பது ஃபானுக் ஹேண்டி ஃபைல் மாதிரித் தனிப் பெட்டி என்றால், எந்திரத்தோடு அது பேசுவது சீரியல் கேபிளில். அங்கே லேப்டாப்பை நேரே இணைத்துவிடலாம், கோடெக் தேவையில்லை.

● கடையில் கிடைக்கும் யு.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவ் எல்லா டிஸ்க்கையும் படிக்காது. அதன் உள்ளே இருக்கும் கன்ட்ரோலருக்கு 720 கே.பி., 1.44 எம்.பி. மாதிரி சில அமைப்புகள்தான் பழக்கம். எந்திரம் தனக்கென்று வேறு விதமாக எழுதியிருந்தால், கிரீஸ்வீசல், கிரையோஃபிளக்ஸ் போன்ற சாதனங்கள் வேண்டும். இவை பைட்டைத் தேடுவதில்லை. பழைய டிரைவின் 30-ஆம் கம்பியில் வரும் துடிப்புகளின் இடைவெளியை அப்படியே பதிவுசெய்கின்றன. பொருள் கண்டுபிடிப்பதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

● எம்ப்ராய்டரி எந்திரம் வைத்திருப்பவர்களுக்கு: பழைய மாடல்கள் பலவும் 720 கே.பி. டபுள் டென்சிட்டி டிஸ்க்கைத்தான் கேட்கும். 1.44 டிஸ்க்கின் சதுர ஓட்டையில் டேப் ஒட்டி ஏமாற்றலாம், அன்றைக்கு ஓடும். இரண்டின் காந்தப் பூச்சு வேறு என்பதால் நாள்பட அந்த டிசைன் நிற்கும் என்று நம்ப வேண்டாம்.

● ஹார்ட் டிஸ்க்கில் ஹெட் காற்றில் மிதக்கும். ஃபிளாப்பியில் தகட்டைத் தொட்டு உரசும். சென்னையின் ஈரக் காற்றில் தகட்டின் மேல் பூஞ்சை படர்ந்திருந்தால் அது ஹெட்டில் அப்பிக்கொள்ளும்; அடுத்து போடும் நல்ல டிஸ்க்கையும் அதே ஹெட் கீறிவிடும். ஆகவே பழைய டிஸ்க்கைச் செருகும் முன், உலோக மூடியை நகர்த்தி, நடுவிலுள்ள வட்டத்தைக் கையால் மெல்லச் சுழற்றி, வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் அழுத்தாமல் துடைத்து, நன்றாக உலர விட்டு, வேறு ஒரு பழைய டிரைவில் போட்டு நகல் எடுங்கள்.