பம்பாய்த் தேக்கில் ஒரு திருகோணமலை

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுக ஊர். அங்கே மிதக்கும் மூன்று பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றின் மூக்கில் தலைப்பாகை கட்டிய ஆளின் மரச்சிற்பம் இருக்கிறது. கப்பலின் பெயர் டிரிங்கோமலி. நம் திருகோணமலைதான் ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆனது. பிரிட்டனில் இன்னும் தண்ணீரில் மிதக்கும் போர்க்கப்பல்களில் இதுவே மூத்தது.

நெப்போலியனோடு நடந்த போர்கள் பிரிட்டனின் ஓக் காடுகளைத் தின்று தீர்த்திருந்தன. அதனால் இந்தக் கப்பலை மலபார்த் தேக்கில் கட்டும் வேலை பம்பாய்க்கு வந்தது. பொறுப்பேற்றவர் பார்சி சமூகத்தின் பெயர்பெற்ற கப்பல் கட்டுநர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா. வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா என்ற கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிட்யூஷன் என்ற போர்க்கப்பல் தாக்கி அழித்தது. வரைபடங்களும் போயின. மறுபடி பிரதி எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. 1816 மே மாதம் வேலை தொடங்கியபோது, பார்சி வழக்கப்படி கப்பலின் முதுகெலும்பான ஏராவில் வெள்ளி ஆணி ஒன்றை அறைந்தார்கள். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் கடலில் இறங்கியது.

தேக்குக்கு மாறியது தட்டுப்பாட்டால்தான். ஆனால் கப்பலின் ஆயுளை நீட்டியது அந்தத் தட்டுப்பாடே. ஓக்கில் உள்ள அமிலம் இரும்பு ஆணிகளை அரிக்கும். துருவேறிய ஆணி தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அது பூஞ்சையையும் தடுக்கும், இரும்பையும் காக்கும்.

1897இல் கப்பலை உடைப்பவர்களிடம் விற்றுவிட்டார்கள். வீட்லி காப் என்பவர் அதை மீட்டு, ஃபூட்ராயன்ட் என்று பெயர் மாற்றி, இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் கப்பலாக்கினார். அந்தப் பணியில் அதற்குத் துணையாக இம்ப்ளேக்கபிள் என்ற இன்னொரு கப்பல் இருந்தது. டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டனுக்கு எதிராகப் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்று போரிட்ட கப்பல் அது. பழுதுபார்க்கப் பணமில்லை என்று 1949இல் இரு நாட்டுக் கொடிகளையும் ஏற்றி, வெடி வைத்து அதைக் கடலில் மூழ்கடித்தார்கள். காப்பாற்றியிருக்கலாம் என்ற மனக்குறை பிரிட்டனில் பலருக்கு இன்னும் ஆறவில்லை. ஆறக்கூடிய குறையும் அல்ல அது.

பயிற்சிப் பணி 1986இல் முடிந்தது. மறு ஆண்டு, பெரிய மிதவை ஒன்றில் ஏற்றி டிரிங்கோமலியை ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தார்கள். 1990இல் தொடங்கிய சீரமைப்பு 2001 வரை நீண்டது. செலவு ஒரு கோடி பவுண்டுக்கு மேல். பழைய பெயர் 1992இல் திரும்பி வந்தது.

இத்தகைய சீரமைப்பில் முதல் சிக்கல் அழுகல். மரக்கப்பலுக்குக் கடல்நீர் எதிரி என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் அதை அதிகம் அழுகவைப்பது மழைநீர். உப்பு பூஞ்சையை வளரவிடாது. மேல்தளத்தின் இடுக்கு வழியே சொட்டும் நன்னீரோ பலகைக்குள் புகுந்து தங்கிவிடும். அதனால் நீரில் மூழ்கியிருக்கும் அடிப்பாகம் திடமாக இருக்க, கப்பலின் விலா எலும்புகளான வங்குக்கால்களின் மேல்முனை பஞ்சுபோல் ஆகியிருப்பது இத்தகைய கப்பல்களில் சாதாரணம். கப்பல் தச்சரை நம் கடற்கரையில் ஓடாவி என்பார்கள். அவர் சுத்தியலால் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும். உளுத்தது மொத்தென்று ஒலிக்கும். சந்தேகம் வந்தால் கூரிய கத்தியால் குத்திப் பார்ப்பார்.

கெட்டது தெரிந்ததும் முழுக் கட்டையையும் கழற்றி எறிவது சுலபம். நல்ல ஓடாவி அப்படிச் செய்ய மாட்டார். அழுகிய பகுதியை மட்டும் அறுத்து, மிஞ்சிய நல்ல மரத்தின் முனையை நீண்ட சரிவாகச் செதுக்குவார். அதே சரிவில் புது மரத்தைச் செதுக்கி மேலே படியவைத்து இறுக்குவார். சரிவு நீளமாக இருந்தால்தான் பாரம் ஓரிடத்தில் குவியாமல் பரவும். பிறகு பலகை இடுக்குகளில் கலப்பத்து வேலை. பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த சணல் நாரைத் தாரில் தோய்த்து, தட்டை உளியை வைத்துக் கொட்டாப்புளியால் உள்ளே அடித்து இறக்கி, மேலே கீல் பூசுவார்கள். நீரில் இறங்கியதும் பலகை உப்பி நாரை நெரிக்கும், இடுக்கு அடைபடும். தூத்துக்குடித் தோணிகளுக்கும் தத்துவம் இதேதான்.

இன்னொரு சிக்கல் முதுகு வளைவது. கப்பலின் இரு முனைகளும் ஒடுங்கியவை. அங்கே நீரின் தாங்கு விசை குறைவு. காலப்போக்கில் முனைகள் தொங்கி, நடு உயர்ந்துவிடும். ஜாவாவை அழித்த அதே கான்ஸ்டிட்யூஷன் இன்று பாஸ்டனில் இருக்கிறது. அதன் ஏரா 13 அங்குலம் வளைந்திருந்தது. 1992 முதல் 1996 வரை நடந்த பழுதுபார்ப்பில் அதை நிமிர்த்தினார்கள். முதல் வடிவமைப்பில் இருந்து பின்னாளில் காணாமல் போயிருந்த சாய்வுத் தாங்குகட்டைகளை மறுபடி பொருத்தினார்கள்.

டிரஃபால்கரில் பிரிட்டிஷ் கடற்படையை நடத்திய நெல்சனின் கப்பலான விக்டரியோ 1922 முதல் போர்ட்ஸ்மத்தின் உலர்துறையில் தரையில் நிற்கிறது. அதன் ஓக் உடலில் பழைய மரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது. 2022இல் மறுபடி பலகை மாற்றத் தொடங்கினார்கள். டிரிங்கோமலியின் உடலில் பத்தில் ஆறு பங்குக்கு மேல், பம்பாயில் வாடியாவின் ஓடாவிகள் இழைத்துப் பொருத்திய அதே தேக்கு.