மணிநகரில் ஒரு மணித்தறி

நம் சங்கத்துப் பெண்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கண்ணைக் கெடுத்துக்கொண்டு இப்படி மணி கோக்கிறீர்களே, இதனால் என்ன கிடைக்கிறது?" மலர்க் குழுவினரும் இதையே கொஞ்சம் நாசூக்காகக் கேட்டு, எழுதித் தரச் சொன்னார்கள்.

முதலில் ஒரு திருத்தம். நான் மணி கோப்பதில்லை, நெய்கிறேன். இரண்டுக்கும் மாலை தொடுப்பதற்கும் சேலை நெய்வதற்கும் உள்ள அளவு வித்தியாசம்.

ஆரணிப் பக்கத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள் நான். பாவு, ஊடை என்ற சொற்கள் அ, ஆ-வுக்கு முன்பே எனக்குத் தெரியும். 1986-இல் திருமணமாகி அகமதாபாத்துக்கு வந்தேன். குடியிருந்த இடத்தின் பெயரைப் பாருங்கள், மணிநகர்! பக்கத்து வீட்டு பென் ராஜ்கோட் பக்கத்தவர். அவர் வீட்டு நிலைவாசலில் ஒரு மணித்தோரணம் தொங்கும். வெள்ளை மணித் தரையில் கிளியும் யானையும். இதற்கு இங்கே 'மோத்தி பரத்' என்று பெயர். சௌராஷ்டிரப் பெண்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலை. தறி கிடையாது, ஊசியும் நூலும்தான். அதற்கான மணிகள் அந்நாளில் இத்தாலியின் முரானோ தீவிலிருந்து கடல்வழியாக வந்தனவாம். மணியைக் கையாளும் பொறுமையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்த பென்தான்.

தறி வந்தது 1998-இல். என்னவரின் நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து என் மகளுக்கு விளையாட்டுச் சாமானாக வாங்கி வந்தார். மகள் இரண்டு நாளில் மூலையில் போட்டாள். நான் எடுத்தேன், இன்னும் கீழே வைக்கவில்லை.

அந்தத் தறி ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு சட்டம், இரு முனையிலும் ஒவ்வொரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கிடையே பாவு நூல்களை இழுத்துக் கட்ட வேண்டும். 13 மணி அகலம் வேண்டுமானால் 14 பாவு. மணியை விட நூல் எப்போதும் ஒன்று கூடுதல். ஊசியில் 13 மணிகளைக் கோத்து, பாவுக்கு அடியில் நீட்டி, விரலால் மேலே அழுத்தினால் ஒவ்வொரு மணியும் இரண்டு நூலுக்கு நடுவே எழும்பி நிற்கும். இப்போது ஊசியை அதே மணிகளின் துளை வழியாக, பாவுக்கு மேலாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நூல் மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் மணி சிறைப்பட்டது. ஒரு வரிசை முடிந்தது. என் அப்பாவின் தறியில் நாடா ஓடிய வேகத்தை நினைத்தால் இது நத்தை. ஆனாலும் பாவு பாவுதான், ஊடை ஊடைதான்.

இந்த மணித்தறி நெசவில் பெரிய கைகள் அமெரிக்கப் பழங்குடியினர். ஏரிகள் சூழ்ந்த வடபகுதியில் வாழும் ஓஜிப்வே, மெனாமினி போன்ற இனத்துப் பெண்கள் 19-ஆம் நூற்றாண்டில் தோளில் குறுக்காக மாட்டும் பெரிய பைகளை மணிகளாலேயே நெய்தார்கள். ஒரு பைக்கு ஒரு குதிரையையே மாற்றிக்கொண்டார்கள் என்று படித்தேன். கண் வலித்தவர்களுக்குத்தான் அந்த விலையின் நியாயம் புரியும்.

மணி விஷயத்தில் நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தாரே, அங்கே சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்தவை. இவ்வகை மணிகள் கிழக்கே தென்கிழக்காசியா வரையும் மேற்கே ஆப்பிரிக்கா வரையும் போயிருக்கின்றன. பீட்டர் ஃபிரான்சிஸ் என்ற ஆய்வாளர் இவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார். இன்று செக் நாட்டிலும் ஜப்பானிலும் இயந்திரத்தில் செய்யும் பொடி மணிகளுக்கும் அடிப்படை அதே இழுப்பு, அதே நறுக்கல்தான். நான் பயன்படுத்துவது பெரும்பாலும் 11-ஆம் எண் மணி. குறுக்களவு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். எண் ஏற ஏற மணி சிறுத்துக்கொண்டே போகும்! சாதாரணத் தையல் ஊசி நுழையாது. மயிர்போன்ற தனி ஊசி வேண்டும்.

சரி, என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். பணம் இல்லை. ஒரு கைப்பட்டைக்கு 1,200 மணிகள். கை பழகிய எனக்கே ஒரு பிற்பகல் பிடிக்கும். ஊரில் ஒரு கடைக்காரர் பட்டைக்கு 100 ரூபாய் தருவதாகச் சொன்னார். மணி, நூல் செலவு போக மிஞ்சுவதைக் கணக்குப் பார்த்துவிட்டு ஒரு கும்பிடு போட்டேன். அன்றிலிருந்து விற்பதில்லை.

எனக்குக் கிடைத்தது வேறு. மணிநகரில் இருந்த தமிழ்வழிப் பள்ளி, மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டதென்று 2020-இல் மூடப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். தமிழக முதல்வர் குஜராத் முதல்வருக்குக் கடிதம் எழுதியதும் பத்திரிகைகளில் வந்தது. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் சிலர் சேர்ந்து குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். வரும் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதத் தெரியாது. 'ண', 'ன' என்று பலகையில் எழுதினால் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். ஒரு நாள் தறியைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை.

தமிழ் எழுத்தைத் தறியில் ஏற்றுவது விளையாட்டல்ல. ஆங்கில எழுத்தை 5 கட்டம் அகலம், 7 கட்டம் உயரத்தில் அடக்கிவிடலாம். இந்திக்குத் தலைக்கோடு இருக்கிறது, ஒரே நேர் வரிசை. நம் எழுத்தோ வளைவும் சுழியும். நான் போட்ட கணக்கு இது: எழுத்தின் உடம்புக்கு 7 மணி, மேலே புள்ளிக்கும் விசிறிக்கும் 2, கீழே 'கு', 'ழ' போன்றவற்றின் வாலுக்கு 2, ஓரத்துக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று. ஆக 13. 'கண்ணன்' என்று நெய்ய வேண்டுமானால் 'க'வுக்கு 6 வரிசை, 'ண்'ணுக்கும் 'ண'வுக்கும் 11, 11, 'ன்'னுக்கு 8, இடைவெளி 3. மொத்தம் 39 வரிசை. இன்னொரு சங்கதி: மணி சரிசதுரம் இல்லை. சதுரக் கட்டத்தாளில் அழகாக வரைந்த 'ண' தறியில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடும். அதனால் கட்டத்தையே மணியின் அளவுக்கு நீளவாக்கில் போட்டு, அதில்தான் எழுத்தை வரைய வேண்டும்.

வரைவதைப் பிள்ளைகளே செய்கிறார்கள். கட்டம் கட்டமாக எண்ணி, வரிசை வரிசையாக நெய்து முடித்தபின் எழுத்து மறப்பதற்கு வழியில்லை. "மாசி, இதுல மூணு சுழி, அதுல ரெண்டு சுழி!" என்று ஒரு சிறுமி கத்தினாள். (இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் மாசிதான், குஜராத்தியில் சித்தி.) மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று நாம் ஊரில் சொல்லிச் சொல்லிப் படித்ததை அவள் மணியை எண்ணித் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள்.

அந்தச் சிறுமிக்குப் பத்து வயது. அப்பா வட்வா தொழிற்பேட்டையில் இயந்திரம் ஓட்டுகிறார். படிப்பு நேரத்தில் மணி விளையாட்டு எதற்கு என்று முதலில் அவருக்கு மனத்தாங்கல், இரண்டு ஞாயிறு அனுப்பவில்லை. மூன்றாவது வாரம் அவளே அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தாள். மற்ற பிள்ளைகள் தங்கள் பெயரை நெய்ய, இவள் விழுப்புரம் பக்கத்தில் இருக்கும் தன் ஆயாவின் பெயரைத்தான் நெய்வேன் என்றாள். ஐந்து ஞாயிறு ஆயிற்று. கோடை விடுமுறையில் கொண்டுபோய்க் கட்டிவிட்டிருக்கிறாள். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "இதுல எதும்மா பூவு, எதும்மா எழுத்து?" என்று கேட்டாராம். பேத்தி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள். திரும்பி வந்தபோது இதைச் சொன்னவர் அவள் அப்பாதான். அந்தப் பட்டையை ஆயா குளிக்கும்போதும் கழற்றுவதில்லையாம். நைலான் நூல்தான், தாங்கும் என்று சொல்லியனுப்பினேன்.

2022-இல் எனக்கு இடக்கண்ணில் கண்புரை அறுவை நடந்தது. இப்போது 15-ஆம் எண் மணியைத் தொடுவதில்லை, விளக்கடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதும் இல்லை. ஊசியில் நூல் கோக்கும் வேலையைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

வகுப்பில் இன்று தறிகள் ஆறுதான், பிள்ளைகள் பதினான்கு பேர். மரச்சட்டமும் இரண்டு பிளாஸ்டிக் சீப்புகளும் இருந்தால் ஒரு தறி செய்துவிடலாம். தச்சு வேலை தெரிந்த அன்பர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்தால் மகிழ்வேன். பழைய கம்மல், வளையல்களிலிருந்து உதிர்ந்த மணிகளை அனுப்ப வேண்டாம், அளவு ஒத்துவராது. போன வாரம் ஒரு பையன் தன் பெயருக்கு முன்னால் 'ஸ்ரீ' கட்டாயம் வேண்டும் என்று நிற்கிறான். என் 13 மணி அகலத்தில் 'ஸ்ரீ' அடங்க மறுக்கிறது. 17 பாவு பூட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.