‘ஒண்ணும் இல்ல’ என்பதற்குப் பின்னால்

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அவர்களில் 1,22,724 பேர் ஆண்கள்; அதாவது பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 உயிர்கள் போயின. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து இதுதான் நாட்டிலேயே அதிகம். நாடு முழுவதும் இறந்தவர்களில் நான்கில் ஒருவர் தினக்கூலி. உலகம் முழுவதுமே பெண்களைவிட ஆண்கள்தான் இப்படி அதிகம் இறக்கிறார்கள். ஆனால் உதவி கேட்டு மருத்துவரிடம் வருவதில் ஆண்கள் பின்தங்கியே இருக்கிறார்கள்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் ஆலங்காயத்தையும் மேலே உள்ள மலைக் கிராமங்களையும் எடுத்துக்கொண்டால், ஆண்களின் வாழ்க்கை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் ஓடுகிறது. சாமை விளையும் மேட்டு நிலம் ஆண்டு முழுக்கச் சோறு போடாது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். சிலர் கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் மாதக்கணக்கில் கூலி வேலைக்குப் போகிறார்கள். பணம் வந்தால் அவர் பொறுப்பான ஆள். வராவிட்டால் அந்தக் குறை முழுக்க அவர் தலையில். கடைசிப் பேருந்தில் வந்து இறங்கிய மனிதரிடம் “ஏன்ணா ஒரு மாதிரி இருக்கீங்க?” என்று டீக்கடையில் யாராவது கேட்டால், “ஒண்ணும் இல்லப்பா, தூக்கம் சரியா இல்ல” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தூக்கமின்மையும் தலைவலியும் ‘உடம்பே அசதியா இருக்கு’ என்ற புலம்பலும் பல நேரம் மனத் துயரத்தின் வேறு பெயர்கள். “ஆம்பள அழலாமா?” என்று கேட்டே வளர்ந்தவருக்கு, உடம்பு வலியைச் சொல்லத் தெரிந்த அளவுக்கு மன வலியைச் சொல்லத் தெரிவதில்லை.

இந்தத் துயரத்தின் அளவை உலகுக்குக் காட்டிய ஆய்வுகளில் முக்கியமானவை இந்தப் பகுதியிலேயே நடந்தன. 2019 வரை ஆலங்காயமும் சேர்ந்திருந்த வேலூர் மாவட்டத்தின் கணியம்பாடி ஒன்றியத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக சுகாதாரப் பிரிவு நெடுங்காலமாக ஒவ்வொரு சாவையும் பதிவு செய்துவருகிறது. ஊரிலேயே இருக்கும் சுகாதாரப் பணியாளர் சாவு வீட்டுக்குப் போய், எப்போது, எப்படி, அதற்கு முன் என்ன நடந்தது என்று குடும்பத்தாரிடம் விசாரித்து எழுதுவார். 1994 முதல் 1999 வரை இப்படித் திரட்டிய கணக்கில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 95 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அரசுப் பதிவுகள் காட்டிய தேசிய சராசரியைப் போல இது பல மடங்கு. போலீஸ், கோர்ட், ஊர்ப் பேச்சு என்ற பயத்தில் எத்தனையோ சாவுகள் ‘வயித்து வலி’ என்றும் விபத்து என்றும் மறைந்துபோகின்றன.

அதே ஒன்றியத்தில் நடந்து 2010-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, தற்கொலையால் இறந்த 100 பேரின் வாழ்க்கையை விரிவாக விசாரித்தது. அவர்களில் மனநோய் என்று மருத்துவம் வகைப்படுத்தும் நிலை இருந்தவர்கள் 37 பேர்தான். அதிலும் முதலிடம் குடிக்கு அடிமையான நிலைக்கு, 16 பேர். விடாத நெருக்கடி, நாள்பட்ட உடல்வலி, தனிமை, கடந்த ஓராண்டுக்குள் முறிந்த உறவு ஆகியவை ஆபத்தைக் கூட்டின. ‘பைத்தியம் பிடிச்சவங்கதான் அப்படிச் செய்வாங்க’ என்ற நம்பிக்கை எவ்வளவு தவறு என்பதை இது காட்டுகிறது. முதுகுவலியால் வேலையை விட்டு, கடனும் சேர்ந்து, மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்ட ஒருவரிடம் மருத்துவர் கண்டுபிடிக்க ஒரு மனநோயும் இல்லாமல் போகலாம். ஆபத்து மட்டும் இருக்கும்.

குடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கவலையை மறக்கக் குடிப்பவருக்கு மது துயரத்தை ஆழமாக்குகிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது, எல்லாவற்றையும்விட நிதானத்தைப் பறிக்கிறது. பகலில் வந்துபோன எண்ணம் போதையில் செயலாகிவிடும். அதனால் குடிநோய்க்குச் சிகிச்சை தருவதும் தற்கொலைத் தடுப்புதான். மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்கு ஆலோசனையும் மருந்தும் கிடைக்கும். “குடிகாரன், அவன் தலையெழுத்து” என்று ஒதுக்கப்படுபவர்களில் பலர் காப்பாற்றப்படக் கூடியவர்கள்.

கடனும் அப்படித்தான். வாசலில் நின்று வட்டிக்காரர் சத்தம் போடும்போது போவது பணம் மட்டுமல்ல. தெருவில் அந்த மனிதருக்கு இருந்த மரியாதையும்தான். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. இளைஞர்களை விழுங்கும் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. மிரட்டப்படுபவர் புகார் கொடுக்கலாம் என்பதை வீட்டில் யாராவது எடுத்துச் சொன்னாலே மூச்சு விட ஒரு வழி திறக்கும்.

உயிரை விடும் எண்ணம் பெரும்பாலும் அலைபோல எழுந்து அடங்குவது. அந்தச் சில மணி நேரம் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். இதற்குப் பெரிய சான்று இலங்கை. 1990-களின் நடுவில் தற்கொலையில் உலகின் முன்வரிசையில் இருந்த அந்த நாடு, மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. விவசாய வீடுகளில் மருந்தைப் பூட்டிவைத்துச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவைப்பது சின்ன வேலைதான். அந்த ஒரு பூட்டு ஓர் இரவைக் கடத்தித் தரும்.

‘நான் இல்லாட்டி நீங்க நல்லா இருப்பீங்க’ என்பது போன்ற பேச்சு, திடீரென்று எல்லோரிடமும் விடைபெறுவது, ஆசையாய் வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுப்பது, நெடுநாள் தவிப்புக்குப் பிறகு காரணமில்லாமல் வரும் அமைதி: இவற்றில் எதைக் கண்டாலும் நேரடியாகவே கேட்கலாம். “உசுர விட்டுடலாம்னு தோணுதா?” என்று கேட்டால் இல்லாத எண்ணம் புகுந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, கேட்டதும் அடைத்திருந்தது திறக்கும். ஆமாம் என்று பதில் வந்தால் புத்திமதி சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், தனியே விடக் கூடாது, மருத்துவமனைக்குக் கூடவே போக வேண்டும். போலீஸ் வழக்கு வரும் என்ற பயமும் தேவையில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இல்லை.

பிழைத்து வீடு திரும்பியவரை அதோடு விட்டுவிடக் கூடாது. சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் அப்படிப் பிழைத்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பிரிவினருக்கு மருத்துவமனையில் ஒரு மணி நேர ஆலோசனை தந்து, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ ‘எப்படி இருக்கீங்க?’ என்று விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதத்தினர் அதற்குள் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம்.

பேச ஆள் வேண்டுமானால் 24 மணி நேரமும் 14416 என்ற மத்திய அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 எண்ணும், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பின் 044-24640050 எண்ணும் இருக்கின்றன. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108. சிக்னல் சரியாகக் கிடைக்காத மலையூர்களில் போனை மட்டும் நம்ப முடியாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் 2021 முதல் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகிறார்கள். வீட்டு ஆம்பளையின் தூக்கத்தையும் குடியையும் மனத்தையும் விசாரிக்க அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால், பேருந்து போகாத வீட்டுத் திண்ணையிலும் அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் இருப்பார்.